ஏலம் கூவும் வாய்க்கு ஒரு மெத்தை

பல்செட்டு லேபில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அக்கா, சாஃப்ட் லைனர் கேஸுக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்?" அது டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. கண்ணாடி போட்ட என்னாலேயே படிக்க முடிகிறது, உங்களுக்கு என்ன கேடு? ரிட்டயர் ஆனவளை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு டப்பாவில் இருப்பதைக் கேட்டால் கோபம் வராதா? டப்பாவில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்த லேப் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் மாடியில் இருந்தது. கீழே டீக்கடை. வாசலில் போர்டு கிடையாது. மறந்துபோய் மாட்டாமல் விட்டதில்லை, வேண்டுமென்றே மாட்டவில்லை. நம் தொழிலில் அன்று அதுதான் வழக்கம். நோயாளி டாக்டரைப் பார்ப்பார், டாக்டர் அளவெடுத்து நமக்கு அனுப்புவார், நாம் செய்து திருப்பி அனுப்புவோம். நோயாளிக்கு லேப் இருக்கிற இடமே தெரியக் கூடாது. தெரிந்தால் நேரே வந்து நிற்பார்கள், டாக்டர்கள் நம் மேல் சந்தேகப்படுவார்கள், கேஸ் வருவது நின்றுபோகும். எங்கள் முதலாளிக்கு இந்தப் பயம் ரொம்ப உண்டு. நல்ல மனிதர்தான், ஆனால் போன் மணி அடித்தாலே வியர்க்கும்.

அதனால் எங்களுக்கெல்லாம் வாய் தெரியும், ஆள் தெரியாது. வாயை அச்சாக வார்த்த பிளாஸ்டர் மாடலைக் கையில் வாங்கினால் எந்தப் பக்கம் மெல்லுவார், எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்த வாய் யாருடையது, காலையில் எழுந்து என்ன செய்கிறது என்று மட்டும் நாங்கள் கேட்டதே இல்லை. பிளாஸ்டர் பேசாதே!

அப்படித்தான் பெருங்களத்தூரில் புதிதாக கிளினிக் போட்டிருந்த ஒரு டாக்டர் பெண்ணிடமிருந்து ஒரு கீழ்ச்செட்டு வந்தது. தாடை எலும்பு கத்தி முனை மாதிரித் தேய்ந்துபோன வாய். அந்த மாதிரி வாயில் கெட்டியான செட்டை வைத்தால், எலும்புக்கும் செட்டுக்கும் நடுவில் மெல்லிய தோல் மாட்டிக்கொண்டு வலியில் உயிர் போகும். அதற்குத்தான் சாஃப்ட் லைனர். செருப்புக்குள் மெத்தை வைக்கிற மாதிரி, செட்டின் உள்பக்கம் ரப்பர் போன்ற ஒரு படிவம். அதையும் செட்டின் கெட்டியான பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கையும் ஒன்றாக அச்சில் அடைத்து, வெந்நீரில் நிதானமாகச் சூடேற்றினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வைத்து அனுப்பினோம்.

திரும்பி வந்தது. வலிக்கிறதாம்.

வலி என்றதும் எங்கள் லேபில் எல்லாருக்கும் ஒரே யோசனைதான் வரும். மெத்தை போதவில்லை, இன்னும் தடிமனாக வை. இது லேப்காரர்களுக்கே உரிய புத்தி. மெத்தையைத் தடிமனாக்க வேண்டுமென்றால் கெட்டியான பகுதியைச் சுரண்டி மெல்லியதாக்க வேண்டும். சுரண்டினோம். தொட்டுப் பார்த்தால் பஞ்சு மாதிரி இருந்தது. முதலாளி கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "இதுல தூங்கவே தூங்கலாம்மா" என்றார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, மாடிப்படியில் மீன் வாசனை முதலில் வந்தது. பின்னாலேயே ஒரு அம்மாள் வந்தார். அறுபதை ஒட்டிய வயது, கறுத்து இறுகிய உடம்பு, இடுப்பில் தூக்கிச் செருகிய சேலை. கையில் ஒரு கைக்குட்டை முடிச்சு. அதை என் மேஜை மேல் அவிழ்த்தார். உள்ளே எங்கள் செட்டு, நாங்கள் சுரண்டி மெல்லியதாக்கிய இடத்தில் இரண்டாக உடைந்து கிடந்தது.

"இன்னாம்மா, இத்த செஞ்சது நீயா?"

அவர் பெயர் தேசம்மா. கிழக்குக் கடற்கரை ஓரம் ஒரு மீனவ கிராமம். படகு கரைக்கு வந்ததும் மீனை ஏலம் விடுகிற அம்மாள். மகளை பீர்க்கன்கரணையில் கட்டிக் கொடுத்திருந்தார், அதனால்தான் இந்தப் பக்கத்து டாக்டர். எங்கள் ஆள் கேஸ் எடுத்துக்கொண்டு கிளினிக்கிலிருந்து கிளம்பியபோது ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வந்திருக்கிறார். எங்கள் ரகசிய இடத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, நீங்க இங்க வரக் கூடாது. டாக்டரப் பாருங்க."

"டாக்டராண்ட நீ போ. ஏலம் கூவசொல்ல படால்னு ஒடஞ்சி மண்ணுல வுழுந்துச்சி. கரையே சிரிச்சிது. எங்க அண்ணம் புள்ளயும் சிரிச்சான்." அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் இறங்கியது.

நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பல் போனதிலிருந்து அவர் கூவுவது யாருக்கும் புரியவில்லை. செட்டு போட்டால் வலி, கழற்றினால் வார்த்தை காற்றாகப் போகிறது. ஒவ்வொரு படகாக வேறு ஆளுக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது அண்ணன் மகனின் படகு ஒன்றுதான். அவனும் சொல்லிவிட்டான், கோயில் திருவிழாவுக்காகப் படகை நிறுத்துவோம், திருவிழா முடிந்து முதல் நாள் கடலுக்குப் போய் வரும்போது அத்தை கரையில் நின்று கூவ வேண்டும், இல்லையென்றால் நானும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று.

"எங்க வூட்டுக்காரு போன பெறவு அந்தக் கொரலு ஒண்ணுதாம்மா எனக்கு சோறு" என்றார். சட்டென்று கோபம் திரும்ப வந்துவிட்டது. "மெத்து மெத்துனு செஞ்சியே, வலி அங்கியேதான் கீது!"

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. "அக்கா, எப்படிக் கூவுவீங்க? கூவிக் காட்டுங்க."

"இங்கியா?"

"இங்கதான்."

உடைந்த செட்டை அவசரத்துக்கு ஒட்டிக் கொடுத்தேன். கழுவி அவரே மாட்டிக்கொண்டார். எழுந்து கால்களை அகட்டி நின்றார். ஒரு கையைத் தூக்கினார். அடுத்த நொடி எங்கள் லேபின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "ஒரு கூட சங்கரா! நூறு நூறு நூறு, நூத்திப்பத்து, யாரு, யாரு, நூத்திருவது..." கீழே டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்கள்.

நான் சத்தத்தைக் கேட்கவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்மைப் போலவா திறக்கிறது அது! கன்னமும் நாக்கும் முழு வீச்சில் வேலை செய்கின்றன. ஒவ்வொரு 'நூறு'க்கும் செட்டின் பின் ஓரம் இடது பக்கம் எகிறி மறுபடி தோலில் குத்துகிறது. டாக்டர் அளவெடுத்தபோது இந்த அம்மாள் மரியாதையாக வாயைப் பாதி திறந்து அடக்கமாக உட்கார்ந்திருப்பார். நாங்கள் அந்த அடக்கமான வாய்க்கு மெத்தை செய்திருக்கிறோம். தேசம்மா சம்பாதிப்பது இன்னொரு வாயால்.

"அந்த மெஷினால இங்கியே ரெண்டு தேய் தேய்ச்சி வுட்டுடு, நான் போறேன்" என்றார் அவர்.

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் கவனியுங்கள். எந்த இடத்தைத் தேய்க்க வேண்டும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. மெஷின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தேய்த்தால் அந்த அம்மாள் வாழ்த்திவிட்டுப் போயிருப்பார். ஆனால் வாய்க்குள் இருக்கும் புண்ணைப் பார்ப்பதும், எவ்வளவு குறைப்பது என்று முடிவு செய்வதும் டாக்டர் வேலை. நமக்குத் தெரிகிறது என்பதற்காக அது நம் வேலை ஆகிவிடாது. மெஷினைத் தொடாமல் போனை எடுத்தேன்.

முதலாளி என் கையைப் பிடிக்காத குறை. "டாக்டருக்குப் போன் பண்ணி உங்க அளவு தப்புன்னு சொல்லப் போறியா? நாளைலேர்ந்து அந்தக் கிளினிக்ல இருந்து ஒரு கேஸ் வராதும்மா."

அளவு தப்பு என்று நான் சொல்லவில்லை. "டாக்டர், தேசம்மா இங்க வந்துட்டாங்க. ஒடஞ்சத ஒட்டினதத் தவிர நாங்க எதையும் தொடல. ஆனா இவங்க ஏலம் கூவறதை நீங்க ஒரு தடவை நேர்ல பாத்தா நல்லா இருக்கும்" என்றேன். முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வரேங்கா" என்றது குரல்.

ஸ்கூட்டியில் வந்து இறங்கிய பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தேசம்மா மறுபடி கூவினார். டாக்டர் சின்ன டார்ச்சைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும், "நான் உங்கள ஒரு வார்த்தை பேசச் சொல்லிக்கூடப் பாக்கல இல்ல?" என்று தேசம்மாவிடம் கேட்டாள். முகத்தில் வருத்தம் இருந்தது, வீம்பு இல்லை. அந்தப் பெண்ணை எனக்கு அன்றைக்கே பிடித்துவிட்டது.

அவளிடம் அதற்கு வழியும் இருந்தது. ஒரு மாதிரி பசை உண்டு. செட்டுக்குள் பூசினால் சில நாள் வரைக்கும் முழுசாகக் கெட்டியாகாது, வாய் எப்படி அசைகிறதோ அப்படியே படிந்துகொண்டு போகும். உடைசலை நாங்கள் சரியாக ஒட்டிக் கொடுத்தோம். குத்துகிற ஓரத்தை டாக்டர் குறைத்து, பசையைப் பூசி, போட்டுக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்று அனுப்பினாள். வாய் தன் அளவைத் தானே எழுதட்டும் என்று விட்டாள்.

அதில் ஒரு சிக்கல். திருவிழாவுக்குப் படகை நிறுத்திவிட்டார்கள், கரையில் ஏலம் கிடையாது. தேசம்மா என்ன செய்தார் தெரியுமா? மகள் வீட்டுக்கு வந்து, பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நின்று, தண்ணீரைப் பார்த்து தினமும் ஏலம் கூவியிருக்கிறார். முதல் நாள் தெருவில் இருந்த பெண்கள் எல்லாம் பாத்திரத்தோடு மீன் வாங்க ஓடி வந்துவிட்டார்களாம். "மீனு எங்க?" என்று கேட்டவர்களிடம், "வாய் வந்துக்கீது, மீனு பின்னால வரும்" என்றாராம்.

திருவிழா முடிந்தது. மறுநாள் விடிந்தால் படகு கரைக்கு வரும். அதற்கு முதல் நாள் காலையே டாக்டர் தேசம்மாவை ஸ்கூட்டி பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நேரே லேபுக்கே வந்தாள். அந்தப் பசையைக் கழற்றி வைத்துக் காத்திருந்தால் வடிவம் மாறிவிடும். அதனால் வாயிலேயே கொண்டுவந்து, எங்கள் வாசலில் டாக்டர் கையால் கழற்றி என் கையில் கொடுத்தாள். வழி நெடுக வாயைத் திறக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தேசம்மா என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் உருட்டினார்.

பற்களை மட்டும் வைத்துக்கொண்டு உள்பக்கம் முழுவதையும் புதிதாக்கப் போகிறோம். அச்செடுத்து, பழையதை அகற்றி, புது அக்ரிலிக்கையும் லைனரையும் அடைத்து மூடிவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. ஏரிக்கரையில் கூவிச் சேர்த்த அளவு அந்த அச்சில் மட்டும்தான் இருக்கிறது. இது கெட்டால் நாளைக் காலை தேசம்மாவுக்கு வாய் கிடையாது. அடைத்து மூடினேன். தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, சூடு மெதுவாக ஏற ஆரம்பித்ததும்தான் மூச்சு விட்டேன்.

பாதியில் கரன்ட் போனது.

கோடைக்காலத் தாம்பரத்தில் அது அதிசயமில்லை. எங்கள் இன்வெர்ட்டர் விளக்குக்கும் ஃபேனுக்கும்தான் தாங்கும். முதலாளி கரன்ட் ஆபீசுக்குப் போன் போட்டார். எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. "வர்றப்ப திரும்பச் சூடு பண்ணிக்கலாம்மா. வெளியில இருந்து பாத்தா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

யாருக்கும் தெரியாதுதான். ஆறவிட்டு மறுபடி சூடேற்றியது பார்வைக்கு அழகாகவே இருக்கலாம். லைனர் உள்ளே பிடித்திருக்கிறதா இல்லையா என்பது தேசம்மா மூன்றாவது கூடையை ஏலம் விடும்போது தெரியும். தெர்மாமீட்டரைப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் சூடாகத்தான் இருந்தது, முடிவெடுக்கக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. ஜன்னல் வழியாகக் கீழே டீக்கடை கேஸ் அடுப்பின் நீலத் தீ தெரிந்தது.

"சார், அந்தப் பெரிய அலுமினியப் பாத்திரத்த எடுங்க" என்றேன்.

அவருக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும், நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சூட்டுத் தண்ணீரோடு அச்சுப் பெட்டியையும் பாத்திரத்தில் மாற்றி, இரண்டு துணியால் பிடித்துத் தானே மாடிப்படியில் இறங்கினார். போன் மணிக்கு வியர்க்கிற மனிதர், ஆவி பறக்கிற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, "வழி, வழி" என்று கத்திக்கொண்டே போகிறார்! பின்னால் நான் தெர்மாமீட்டரோடு.

டீ மாஸ்டர் பால் பாத்திரத்தை நகர்த்தி இடம் கொடுத்தார். "இன்னாக்கா வேவுது உள்ள?"

"பல்லு."

பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர் மிச்சத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

தீயைச் சிறியதாக வைக்கச் சொன்னேன். மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. பஜ்ஜி நேரம், அடுப்பு வேண்டும். நான் தெர்மாமீட்டரைத் துடைக்கத் திரும்பினால் அவர் கை குமிழுக்குப் போகும். "நல்லா கொதிக்க வுட்டா சீக்கிரம் வெந்துடும்லக்கா?"

"வேகும். உள்ளுக்குள்ள பொங்கி ஓட்டை ஓட்டையா வேகும். கைய எடுங்க அண்ணா."

பாதி அடுப்பை எனக்கும் பாதியைப் பஜ்ஜிக்கும் கொடுத்துவிட்டு அவர் முணுமுணுத்தார். ஆனால் யாருக்காக என்று முதலாளி சொன்னதும், அன்றைக்கு மாடியில் கூவினது அந்த அம்மாவா என்று கேட்டார். அதற்கப்புறம் குமிழின் மேல் கை வைக்கவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் அவரே விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். கடைசியில் தீயைக் கூட்ட வேண்டிய நேரம் வந்தபோது என் அனுமதி வாங்கிக்கொண்டுதான் கூட்டினார்.

சாயங்காலம் கரன்ட் வந்தது. வேக வேண்டியது வெந்தாயிற்று. இப்போது ஆற வேண்டும். டாக்டர் போன் செய்தாள், தேசம்மா கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறார், பீர்க்கன்கரணை மருமகன் பைக்கோடு வாசலில் நிற்கிறான் என்று. முதலாளி பாத்திரத்தைக் குழாயடிக்குக் கொண்டுபோகப் போனார். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சட்டென்று ஆறும், சட்டென்று முறுக்கிக்கொள்ளவும் செய்யும். அதுவரை பட்ட பாடு முழுவதும் அந்த ஒரு குவளைத் தண்ணீரில் போய்விடும். பாத்திரத்தின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "தானா ஆறட்டும் சார். அதுவரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்." அவரும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, இரண்டு டீ சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அன்றைக்கு நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது.

திறந்தோம். லைனரின் ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பிப் பார்த்தேன். பிடித்துக்கொண்டிருந்தது. எல்லா ஓரத்திலும் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன். ஓரம் சீவி, கழுவி, முதலாளியே ஸ்கூட்டரில் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை லேபில் வேலை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எடுத்தேன். "ஹலோ" என்றால் பதில் இல்லை. இரைச்சல் மட்டும். கடல் என்று புரியச் சற்று நேரம் ஆனது. அந்த இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் ஏறியது. "ஒரு கூட வஞ்சிரம்! யாரு, யாரு..." வார்த்தை ஒவ்வொன்றும் கழுவி அடுக்கின மாதிரி வந்து விழுந்தது. ஒன்றுகூடக் காற்றாகப் போகவில்லை. நான் ரிசீவரை முதலாளி காதில் வைத்தேன். அவர் அடுத்தவருக்குக் கொடுத்தார். பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தவர் ஈரக்கையோடு வந்து கேட்டார். இத்தனை வருஷம் வாயே செய்துகொண்டிருந்த நாங்கள், ஒரு வாய் தன் வேலையைச் செய்வதை அன்றைக்குத்தான் கேட்டோம்.

ஏலம் முடிந்தது. மருமகன் கையிலிருந்த செல்போனைத் தேசம்மா வாங்கியிருக்க வேண்டும்.

"கேட்டுச்சாம்மா? நாளைக்கி இன்னோரு படகும் என்னாண்ட வருதாம்."

"கேட்டுச்சுக்கா. எல்லாரும் கேட்டோம். வலி எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கடல் மட்டும்தான் கேட்டது. நாக்கால் துழாவிப் பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"அட ஆமா," என்றார் தேசம்மா. "பல்லு போட்டுகினு கீறேன்ல?"